எதில் மூன்றில் ஒன்று?

ஒருவரிடம் 4 1/2 மீட்டர் துணி இருந்தது, அதில் 1/3 பங்கை வெட்டிச் சட்டைக்குக் கொடுத்தார், மீதி எவ்வளவு? ஆறாம், ஏழாம் வகுப்புப் பயிற்சித் தாள் எதைப் புரட்டினாலும் இந்த வார்ப்பில் ஒரு கணக்கு இருக்கும். விடை 3 மீட்டர். 'பங்கை' என்பதை எடுத்துவிட்டு 'மீட்டரை' என்று போட்டால் விடை 4 1/6 மீட்டர் ஆகிவிடும். முதல் கணக்கின் 1/3 துணியைச் சார்ந்து நிற்கிறது. துணி பெரிதானால் அதுவும் பெரிதாகும். இரண்டாவது கணக்கின் 1/3 தானே ஓர் அளவு. துணி பத்து மீட்டரானாலும் ஐம்பது மீட்டரானாலும் அது அசையாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டு, விடைகள் ஏன் வேறாக வந்தன என்று பிள்ளையைக் கேட்கும் தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்னக் கூட்டலுக்கு இருபது, கழித்தலுக்கு இருபது, பெருக்கலுக்கு இருபது என்று அடுக்கிய தாள்களுக்குப் பஞ்சமே இல்லை.

அதிகம் போட்டுப் பார்த்தால் கணக்கு வந்துவிடும் என்பதைப் பெற்றோர், ஆசிரியர், டியூஷன் நடத்துபவர் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நடுநிலை வகுப்புகளின் பின்ன, தசம வாக்கியக் கணக்குகளுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். விஷயம் சிறியதல்ல. ராபர்ட் சீக்ளரும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் தரவுகளை எடுத்துக்கொண்டது. பத்து வயதுவாக்கில் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருந்த பிடிப்பு, உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்தில் அப்பிள்ளை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, பொது அறிவுத்திறன், முழு எண்களில் கூட்டல் கழித்தல் திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. நம் ஊரில் பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவையைக் கண்டு மலைக்கும் மாணவரின் சிக்கல் பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் தொடங்கியதாக இராது.

முதலில் பயிற்சியின் பக்கம் உள்ள நியாயத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். 5/6 லிருந்து 3/8 ஐக் கழிக்க வேண்டிய பிள்ளை, 6 க்கும் 8 க்கும் மீ.சி.ம. எது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், 24 ஐக் கண்டுபிடிப்பதற்குள் கேள்வி என்ன கேட்டது என்பதே மறந்துபோகும். மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு. ஜான் ஸ்வெல்லரின் ஆய்வுகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. புதிதாகக் கற்பவருக்கு, செய்து காட்டிய கணக்கைப் பார்த்து அதேபோல் செய்வது, தானாகத் துழாவுவதைவிடப் பெரும்பாலும் பயன் தருகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பு, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர்கள், வாரத்தில் சில பாடவேளைகள். இந்த நிலையில் ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து முறை சரியாகப் போட்ட மாணவிக்கு 'எனக்கும் வருகிறது' என்ற தைரியம் கிடைக்கிறது. அந்தத் தைரியத்தை அற்பமாகப் பேசுபவர்கள் அந்த வகுப்பில் நின்று பார்க்காதவர்கள்.

நம் மரபும் இந்தப் பக்கமே சாட்சி சொல்லும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளை முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்ன வாய்பாடுகளை ஓதி ஓதியே மனத்தில் ஏற்றியது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16. இன்றைய எட்டாம் வகுப்பு மாணவர் தாளில் போட்டுத் திணறும் பெருக்கல்கள் அந்தப் பிள்ளைக்கு நாவில் இருந்தன. ஆனால் செந்தில் பாபு போன்றவர்கள் இந்தச் சுவடிகளைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது இன்னொன்றும் புலப்படுகிறது. நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்று அந்த வாய்பாடுகள் அளவைகளோடு கட்டப்பட்டவை. தஞ்சைப் பக்கத்தில் இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. ஆகவே மா என்ற பின்னமும் மா என்ற நிலமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா என்றால் மாகாணி ரூபாய். எதில் மாகாணி என்று அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. களத்து மேடும் கடைத்தெருவும் அதைச் சொல்லிவிட்டன. (அந்தப் பள்ளியைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. அங்கே தண்டனை கடுமை. யாருக்கு இடம் என்பதைச் சாதி தீர்மானித்தது.) அந்த ஓதலை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த அளவுலகத்தை விட்டுவிட்டால் கிடைப்பது பாதிகூட இல்லை.

ஆக, செய்முறைப் பயிற்சி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மீ.சி.ம. காண்பது, கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்குவது, தசமப் புள்ளியை இடம் மாற்றுவது எல்லாம் கை பழக வேண்டிய வேலைகள். என் கேள்வி வாக்கியக் கணக்கைப் பற்றியது. அது வேறொரு வேலைக்காக இருக்கிறது: படித்து, நிலைமையைப் புரிந்து, எந்தச் செயல் பொருந்தும் என்று முடிவெடுப்பது. நடைமுறையில் உள்ள பயிற்சி அந்த வேலையைக் கொடுக்கிறதா?

'பின்னங்களைக் கூட்டுதல்' என்ற தலைப்பின் கீழ் எட்டு வாக்கியக் கணக்குகள் வந்தால், எட்டும் கூட்டல்தான் என்பது முதல் வரியைப் படிக்கும் முன்பே பிள்ளைக்குத் தெரியும். தக்காளியா வெங்காயமா, நடந்தாரா சைக்கிளில் போனாரா என்பதெல்லாம் பொருட்டில்லை. இரண்டு பின்னங்களைப் பொறுக்கி எடுத்து நடுவே கூட்டல் குறி போட்டால் முடிந்தது. முடிவெடுக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிட்டது. இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதற்கு பிரான்ஸில் கிரெனோபிள் நகரின் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனம் 1980 வாக்கில் செய்த சோதனை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கணக்குப் போட்டு வயதைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளை அசடுகள் என்று நினைப்பது பெருந்தவறு. கணக்கு நோட்டில் வரும் எண்களை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று பள்ளி கற்றுக்கொடுத்ததை அவர்கள் நேர்மையாகச் செய்தார்கள்.

கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டக் ரோரரும் சகாக்களும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2015 இல் வெளியிட்ட சோதனையில், நேர்கோட்டு வரைபடம், சாய்வு பற்றிய கணக்குகளை ஏறத்தாழ மூன்று மாதம் இருவிதமாகக் கொடுத்தார்கள்: வகைவாரியாகக் கட்டியும், வகைகளைக் கலந்தும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே மீள்பார்வை. மறுநாள் வைத்த தேர்வில் கலந்து படித்தவர்கள் 80 விழுக்காடு, கட்டிப் படித்தவர்கள் 64. ஒரு மாதம் கழித்து வைத்தபோது 74 க்கு எதிராக 42. அது பின்னக் கணக்கு அல்ல என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 'எந்த வழி இதற்குப் பொருந்தும்' என்று தேர்ந்தெடுக்கும் வேலை இரண்டுக்கும் பொது. கட்டிக் கொடுத்த தாளில் அன்றன்றைக்கு விடைகள் மளமளவென்று சரியாக வரும்; கலந்த தாளில் தடுமாற்றம் தெரியும். வீட்டுப்பாட நோட்டில் சிவப்பு மையைக் கண்டு கவலைப்படும் பெற்றோர் முதல் தாளையே விரும்புவார்கள். ஒரு மாதம் கழித்துக் கையில் நிற்பது எது என்பதை அந்த நோட்டு காட்டுவதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலுக்கு இங்கே நியாயம் செய்ய வேண்டும். 2018 முதல் வந்த புதிய நூல்களில் இயல்களின் முடிவில் 'பல்வகைத் திறனறி பயிற்சிக் கணக்குகள்', 'மேற்சிந்தனைக் கணக்குகள்' என்ற பகுதிகள் உண்டு. கலந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நூலாசிரியர்களுக்கு இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கலவை ஓர் இயலின் வேலிக்குள்ளேயே நிற்கிறது. நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவதும் அதுவே. 2012-13 இல் வந்த முப்பருவ முறை பையின் கனத்தைக் குறைத்தது, நல்லதே. அதோடு பருவத் தேர்வு அந்தப் பருவத்துப் பாடத்தோடு நின்றுவிடும் வழக்கமும் வந்தது. ஆறாம் வகுப்பில் பின்னம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. கோடை விடுமுறை முடிந்து ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் அதைத் திரும்பக் கேட்பதற்கான இடம் அட்டவணையில் இல்லை.

'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'பங்கு' என்றால் பெருக்கு என்று சாவிச் சொற்களைக் கற்பிப்பது இதைவிட மோசம் என்பது என் கணிப்பு. ஒரு கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு விவசாயி தம் நிலத்தில் 1/3 பங்கில் நெல் போட்டார். மீதியில் 1/2 பங்கில் கரும்பு. எஞ்சிய 2 ஏக்கரில் உளுந்து. மொத்த நிலம் எவ்வளவு? சாவிச் சொல் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை 'மொத்தம்' என்பதைப் பார்த்ததும் 1/3 ஐயும் 1/2 ஐயும் கூட்டும். 5/6 வரும். எஞ்சியது 1/6, அது 2 ஏக்கர், ஆகவே மொத்தம் 12 ஏக்கர். ஒவ்வொரு படியும் சுத்தமாக இருக்கிறது, விடையும் முழு எண்ணாக வருகிறது. சந்தேகம் எழ வாய்ப்பே இல்லை. ஆனால் விடை தவறு.

பிழை கூட்டலில் இல்லை. 1/3 நிலம் முழுவதின் பங்கு. 1/2 மீதியின் பங்கு. வெவ்வேறு முழுமைகளின் பங்குகளை நேரடியாகக் கூட்ட முடியாது. ஒரு செவ்வகம் வரைந்து மூன்றாகப் பிரித்து, ஒன்றில் நெல் என்று எழுதி, மற்ற இரண்டில் பாதி எது என்று பார்த்தால் போதும். கரும்பு ஒரு கட்டம், உளுந்து ஒரு கட்டம். ஒரு கட்டம் 2 ஏக்கர், மூன்று கட்டம் 6 ஏக்கர். மீ.சி.ம.வும் வேண்டாம், எழுத்தில் ஒரு கணக்கும் வேண்டாம். 12 என்று எழுதிய பிள்ளை அதை வைத்துத் திரும்பிப் போய்ப் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்கும்: 12 இல் 4 நெல், மீதி 8, அதில் பாதி 4 கரும்பு, எஞ்சுவது 4, கணக்கு சொல்வதோ 2. விடையை நிலைமைக்குள் திருப்பி வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் பயிற்சித் தாளில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. அதில் உள்ள கட்டம் விடைக்கானது, அதற்கு டிக் போடவும் ஆசிரியருக்கு இடம் உண்டு.

நடுநிலை வகுப்புப் பின்னக் கணக்கின் உயிர்நாடி 'எதில்?' என்ற இந்தக் கேள்விதான் என்று நான் நம்புகிறேன். வகுத்தலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1 3/4 லிட்டர் எண்ணெயை 1/2 லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? தலைகீழியைப் பெருக்கினால் 3 1/2. சரி. இப்போது கேளுங்கள்: மூன்று பாட்டில் நிரம்பிய பின் எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருக்கும்? விடையில் உள்ள 1/2 ஐக் காட்டி 'அரை லிட்டர்' என்று சொல்வதுதான் எளிதில் வரும் பதில். மிஞ்சுவதோ கால் லிட்டர். விடையில் உள்ள 1/2 ஒரு பாட்டிலில் பாதி. கேள்வியில் உள்ள 1/2 ஒரு லிட்டரில் பாதி. செய்முறை முழுக்கச் சரியாக இருந்தும், கையில் உள்ள எண் எதைச் சொல்கிறது என்பது தெரியாமலே கணக்கு முடிந்துவிட முடியும்.

இது பிள்ளைகளின் குறை மட்டும் அல்ல. லிப்பிங் மா 1999 இல் வெளியிட்ட நூலில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் 1 3/4 ÷ 1/2 ஐச் செய்து காட்டி, அதற்குப் பொருந்தும் ஒரு கதையும் உருவாக்கச் சொன்னார். சீன ஆசிரியர்கள் எல்லோரும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பொருத்தமான கதை சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சரியான விடைக்கு வந்தார்கள்; கருத்தளவில் பொருந்தும் கதை ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது. 1/2 ஆல் வகுப்பதை இரண்டாகப் பிரிப்பதோடு குழப்பிக்கொண்டவர்கள் பலர். நம் ஆசிரியர்களிடம் இதே கேள்வியை வைத்தால் என்ன வரும் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சி நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டுப் பார்த்துவிடலாம். கதை உருவாக்கச் சொல்வது சோதனையாக மட்டும் அல்ல, பயிற்சியாகவும் பெரிய வலு உடையது. 3/4 × 2/3 என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள் என்று கேட்டால், 'எதில்?' என்பதைத் தொடாமல் எந்தப் பிள்ளையும் தப்ப முடியாது. பதினைந்து கணக்குத் தாளைவிட இந்த ஒரு கேள்வி ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.

தசமத்துக்கு வந்தால் சிக்கல் கொஞ்சம் மாறுகிறது. கிலோ 64 ரூபாய் என்றால் 3 கிலோ கேரட் என்ன விலை? 64 ஐ 3 ஆல் பெருக்க எந்தப் பிள்ளையும் தயங்காது. அதே கேரட் 0.75 கிலோ என்ன விலை என்று கேட்டால் பலர் வகுக்கப் போவார்கள். காரணம் தெளிவு: விடை 64 ஐவிடக் குறைவாக வர வேண்டும் என்பதை அவர்கள் சரியாக ஊகிக்கிறார்கள்; பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்று முழு எண்களில் பழகியதை வைத்துச் செயலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிட்டனில் பெல், ஸ்வான், டெய்லர் மூவரும் 1981 இல் பெட்ரோல் விலைக் கணக்குகளை வைத்து இதைக் காட்டினார்கள். இத்தாலியில் ஃபிஷ்பைனும் சகாக்களும் 1985 இல் இதற்கொரு விளக்கம் கொடுத்தார்கள். ஊகம் சரி, செயல்தான் தவறு என்பதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். நோட்டில் குறுக்குக் கோடு போட்டால் இரண்டும் சேர்ந்தே அடிபட்டுப் போகும். 64 இல் முக்கால் எவ்வளவு என்று வாயால் கேட்டு 48 ஐ வாங்கிவிட்டு, 64 ஐ 0.75 ஆல் பெருக்கிக் காட்டினால் பின்னமும் தசமமும் ஒரே இடத்தில் சந்திக்கும். நம் பாட அமைப்பில் அந்தச் சந்திப்பு குறைவு. பின்னம் ஆறாம் வகுப்பில், தசமச் செயல்கள் ஏழாம் வகுப்பில் என்று பிரிந்து கிடக்கின்றன. முக்காலும் 0.75 உம் ஒன்றே என்பதை மாற்றல் கணக்காகச் செய்யத் தெரிந்த பிள்ளை, கடையில் நின்று அதைப் பயன்படுத்தத் தெரியாமல் இருப்பது இதனால்தான்.

தசமத்தைப் பணத்தில் தொடங்கும் வழக்கத்தையும் பரிசீலிக்க வேண்டிய காலம் இது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது ரூபாய் நூறாகப் பிரிந்தது. பாடநூலுக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது. 2011 ஜூன் 30 உடன் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாதவை ஆயின. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பைசாவைக் கையில் தொட்டதில்லை. 'பேனா ரூ.7.35, பென்சில் ரூ.3.40' என்ற கணக்கு அப்பிள்ளைக்கு வேறு நாட்டுக் கதை. பணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டே இலக்கம், அதை 'முப்பத்தைந்து பைசா' என்று முழு எண்ணாகவே வாசித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் வந்த பிள்ளை 0.5 ஐவிட 0.35 பெரிது என்று சொன்னால் அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே.

இன்றைய பிள்ளையைச் சுற்றித் தசமம் நிறைந்து கிடக்கிறது. மளிகைக் கடை மின்னணுத் தராசில் 0.255, பெட்ரோல் பங்க் திரையில் லிட்டர், நகைக்கடைச் சீட்டில் 7.980 கிராம், பால் சங்கத்துச் சீட்டில் கொழுப்பு 4.3 எஸ்.என்.எஃப். 8.5, காய்ச்சல் மானியில் 98.6, கைபேசியில் நாளுக்கு 1.5 ஜிபி. 28 நாள் ரீசார்ஜில் மொத்தம் எத்தனை ஜிபி என்று கேட்டால் 42 என்று மனக்கணக்காகவே சொல்லும் பிள்ளைகள் உண்டு, புத்தகத்தில் 1.5 × 28 ஐப் பார்த்தால் அவர்களே புள்ளியை எங்கே வைப்பது என்று தேடுவார்கள். தசமம்போல் தோன்றி ஏமாற்றுபவையும் சுற்றியே இருக்கின்றன. கிரிக்கெட்டில் 18.4 ஓவரோடு 1.3 ஓவரைச் சேர்த்தால் 19.7 வராது; 20.1 வரும், ஏனென்றால் ஆறு பந்துக்கு ஓர் ஓவர். 1.30 மணி என்றால் ஒன்றரை மணி, 1.3 மணி நேரம் என்றால் 1 மணி 18 நிமிடம். இவற்றைப் பாடநூல்கள் குழப்பம் என்று ஒதுக்குகின்றன. நானாக இருந்தால் இவற்றைத்தான் முதலில் வகுப்புக்குக் கொண்டுவருவேன். புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது பத்தில் எத்தனை என்று சொல்கிறதா, ஆறில் எத்தனை என்று சொல்கிறதா என்று வாதாடும் பிள்ளை தசம முறையின் உள்ளே நுழைந்துவிட்டது.

கணக்கு அன்றாட வாழ்க்கையோடு ஒட்டியிருந்தால் போதும் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாதத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வரும் புதிர்கள் பலவற்றில் அன்றாடப் பயன் எதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கும். '2 3/7 கிலோ சர்க்கரையும் 1 4/11 கிலோ பருப்பும் வாங்கினாள்' என்ற கணக்கு கெட்டது. அப்படி யாரும் வாங்குவதில்லை என்பது அதற்கு இரண்டாம் காரணம்தான். முதல் காரணம், அந்த எண்களை மனத்தில் வைத்து மதிப்பிட முடியாது என்பது. விடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும் என்று முன்பே சொல்ல முடிந்தால்தான் 34 கிலோ என்று வந்தபோது பிள்ளை திடுக்கிடும். 1978 இல் அமெரிக்க தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதினரிடம் 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்ற நான்கு விடைகளைக் கொடுத்தார்கள். இரண்டுமே ஒன்றுக்கு அருகில் இருப்பவை, ஆகவே 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 விழுக்காடு; 19 ஐயும் 21 ஐயும் தேர்ந்தெடுத்தவர்கள் பாதிக்கும் மேல். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. பின்னம் அவர்களுக்கு ஓர் எண்ணாகவே தெரியவில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு எண்கள் தெரிந்தன.

ஒரு மறுப்பை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். வாக்கியக் கணக்கில் தோற்பவர்களில் பலர் கணக்கில் தோற்பதில்லை, வாசிப்பில் தோற்கிறார்கள். அவர்களுக்கு 'மீதியில் பாதி' போன்ற நுட்பங்களைக் கொடுப்பது கொடுமை என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அனுபவத்திலிருந்து வரும் பேச்சு அது, தள்ளிவிட முடியாது. ஆனால் சுமையைக் குறைக்க வேண்டிய இடம் மொழி. மூன்று வரி வாக்கியத்தை மூன்று வாக்கியமாக்கலாம். ஆசிரியர் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம். படம் போட்டுக் கொடுக்கலாம். சிறிய எண்களில் அமைக்கலாம். முடிவெடுக்கும் வேலையை நீக்கிவிட்டால் அது வாக்கியக் கணக்காக இருப்பதே நின்றுவிடும். பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறது என்பதற்காக யோசனையிலும் பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வதுதான் உண்மையான அநீதி.

எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு என் தீர்ப்பு இது. பயிற்சி வேண்டும், இப்போது நடப்பதுபோல் வேண்டாம். தலைப்புவாரியாகக் கட்டி, எண்ணிக்கையால் கனமாக்கிய பின்ன, தசம வாக்கியக் கணக்குத் தாள்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை. செய்முறையைக் கூர்தீட்ட அவை பயன்படுகின்றன, ஆனால் அதற்கு வெறும் எண் கணக்கே போதும். அது வேகமாகவும் முடியும். தினம் பத்து நிமிடம் மீ.சி.ம., தசமப் புள்ளி, மாற்றல் ஆகியவற்றை வெறும் எண்களில் செய்ய வைத்து, வாக்கியக் கணக்கை நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைத்துவிடலாம். அந்த இரண்டு மூன்றும் வெவ்வேறு செயல் கேட்பவையாக, ஒன்றாவது போன பருவத்துப் பாடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பேனாவை எடுக்கும் முன் விடை எவ்வளவுக்கு அருகில் வரும் என்று சொல்ல வேண்டும். பின்னம் வரும் இடமெல்லாம் அது எதில் என்று எழுத வேண்டும். இப்படிச் செய்தால் நோட்டுப் பக்கங்கள் குறையும், பிழைகள் முதல் வாரங்களில் கூடும். வகுப்பறைச் சத்தமும் கூடும். இதையெல்லாம் தலைமையாசிரியரும் பெற்றோரும் பொறுத்துக்கொள்ள முன்வராவிட்டால் எந்த ஆசிரியரும் தனியாளாக இதைச் செய்ய முடியாது.

தேர்வுத் தாள் மாறாமல் வகுப்பு மாறாது என்பதும் நியாயமான கவலையே. அதற்காகப் பெரிய சீர்திருத்தம் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பருவத் தேர்வில் அந்த நெல், கரும்பு, உளுந்துக் கணக்கை ஒரு மாணவர் போட்டதாக 12 ஏக்கர் விடையோடு அப்படியே அச்சிட்டு, 'இது சரியா? சோதித்துக் காட்டு, தவறானால் எந்த வரியில் தவறு?' என்று கேட்கலாம். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு சோதித்ததற்கு, இரண்டு 1/2 எதன் பங்கு என்று எழுதியதற்கு, ஒன்று 6 ஏக்கருக்கு.